முப்பத்துநான்காம் பத்தி

பர்னபியில் ஒரு வருடம் முழுக்க
மழையே பெய்யவில்லை.

எட்டாயிரத்து எழுநூற்று அறுபது வரிகள்,
மணிக்கு ஒன்று.
வெயிலுக்கு ஒரு பத்தி, காற்றுக்கு ஒரு பத்தி,
எந்தச் சூட்டில் பனி கட்டும் என்பதற்கும் ஒரு பத்தி.
முப்பத்துநான்காவதில் மழை.
விரலால் உருட்டிக்கொண்டே போகிறேன்:
சுழியம், சுழியம், சுழியம்.
ஜன்னலுக்கு வெளியே கிங்ஸ்வே
வண்டி வண்டியாய் நனைந்துகொண்டிருக்கிறது.

நூலகத்தின் கூரையில் புல் வளர்க்கப் போகிறார்கள்.
புல் எவ்வளவு குடிக்கும்,
ஈரமண் ஆகஸ்டில் கீழே இருப்பவர்களை
எத்தனை டிகிரி காப்பாற்றும்
என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை.
போட்டேன்.
புல் ஏப்ரலிலேயே செத்துவிட்டது.
"இங்கேயா? தாகத்திலா?"
தொலைபேசியில் கட்டடக்கலைஞர் இங்கெபோர்க்
சிரித்து முடிக்க நேரமானது.

வேறொரு கோப்பைத் திறந்தேன்.
எல்லா வரியிலும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
தெரியாது என்பதற்கு இடும் குறி அது.
மென்பொருளுக்கு யார் சொல்வது?
மில்லிமீட்டர் என்று நம்பி
மணிக்கு ஒரு மீட்டர் ஊற்றியது.
இந்த முறை புல் மூழ்கிச் செத்தது.

பெய்யவில்லை என்பது வேறு,
தெரியவில்லை என்பது வேறு.
முதல் கோப்பை எழுதிய யாரோ
இரண்டுக்கும் ஒரே முட்டையைப் போட்டுவிட்டுச்
சாப்பிடப் போய்விட்டார்.

இதுவே நடக்காத வருடம்தான்.
ஜனவரி ஓர் ஆண்டில் வெட்டியது,
பிப்ரவரி இன்னொன்றில்.
பன்னிரண்டு ஒட்டுத்துணி; பெயர், சராசரி வருடம்.
பொறுக்கியவர்கள் வெயிலைப் பார்த்தார்கள்,
சூட்டைப் பார்த்தார்கள், காற்றைக்கூட.
மழையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நவம்பருக்கு நேரே 1999 என்றிருந்தது.

அந்த நவம்பரை எனக்குத் தெரியும்.
ஒன்பதாம் தேதி, காலை பத்தரை,
ஓட்டுநர் தேர்வில் தோற்றேன்.
வைப்பர் தலைதெறிக்க ஆடியும்
வில்லிங்டன் திருப்பத்தில் கோடு தெரியவில்லை.
தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது:
"கனமழை. வேகத்தைக் குறைக்கவில்லை."
கையெழுத்து, நேரம், முத்திரை, எல்லாம் உண்டு.
கோப்பில் அந்த மணிக்குச் சுழியம்.
அப்படியானால்
நான் தேறியிருக்க வேண்டும்.

நியாயமாகச் சொன்னால்,
மழைமானி இருப்பது விமான நிலையத்தில், கடலோரம்.
நான் தோற்றது மலைப்பக்கம்.
அங்கே வெறித்திருக்கலாம், இங்கே கொட்டியிருக்கலாம்.
ஒரு காலைப்பொழுது அப்படி இருக்கலாம்.
ஒரு மாதமுமா?

வராத மழையைப் பொய்த்தது என்கிறோம் நாம்.
பாவம், இது வந்துகொண்டுதான் இருந்தது.
பெய் என்று எழுதி நடுவில் ஒரு கால் இழுத்தால்
பொய்.
அவ்வளவுதான் இடைவெளி.
ஜன்னலில் இப்போது கால் இறங்குகிறது மழை,
எதற்குப் பக்கத்தில் என்று பார்க்காமல்.

மறுநாள் பழைய கூரையை அளக்கப் போனேன்.
சிறுவர் பகுதியில், டைனோசர் அடுக்குக்குக் கீழே
ஒரு மஞ்சள் வாளி.
மேலே சுவரில்
பராமரிப்பாளர் ரொகேலியோ ஒட்டிய அட்டை.
வாளியைக் கொட்டும்போதெல்லாம் ஒரு கோடு.
அக்டோபர் பதினேழு: மூன்று.
பதினெட்டு: ஐந்து, அப்புறம் ஒரு அரைக்கோடு.
பத்தொன்பதில் கேள்விக்குறி.

"அன்றைக்கு மழை இல்லையா?"

"அன்றைக்கு எனக்கு விடுமுறை" என்றார்.
"இல்லை என்று எப்படி எழுதுவது?"

அட்டையைப் படம் எடுத்துக்கொண்டேன்.
அவர் கைகுலுக்கினார், கை ஈரம்.
ஸ்கைட்ரெயின் ஏறி இரண்டு நிறுத்தம் தாண்டியபிறகுதான்
நினைவு வந்தது,
வாளி எத்தனை லிட்டர் என்று
கேட்கவே இல்லை.