மூன்றாம் வாசிப்பு

எங்கள் நகரத்தில் ஒரு துணைச்சட்டம் பிறக்க
மூன்று முறை அது வாசிக்கப்பட வேண்டும்.
யாரும் வாசிப்பதில்லை என்பது வேறு விஷயம்.
எண்ணைச் சொல்வேன், தலைப்பைச் சொல்வேன்,
உயர்ந்த கைகளை எண்ணுவேன்.
உறுப்பினர் ஒன்பது பேர்.
மேயருடையதும் ஒரு கைதான்,
கழுத்துச் சங்கிலி எண்ணிக்கையில் சேர்த்தி இல்லை.

நான் நகர எழுத்தர்.
சபையில் பேச எனக்கு உரிமை கிடையாது.
பேசியதை எழுதலாம்.

பிப்ரவரி, செவ்வாய், வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
காலணிகளிலிருந்து உருகிய பனி
பார்வையாளர் நாற்காலிகளுக்கு அடியில்
ஒரு சின்ன ஏரியாகியிருந்தது.
நாய் உரிமத்துக்கு இரண்டு டாலர் கூட்டினோம்.
ஒரு முட்டுச்சந்துக்குப் பெயர் வைக்க நாற்பது நிமிடம்.
வீட்டில் கோழி வளர்க்கலாமா என்ற கேள்வி
மூன்றாவது வருடமாக ஒத்திவைக்கப்பட்டது,
சேவல் கூடாது என்பதில் மட்டும் ஒருமனம்.

பிறகு மார்வலின் அக்பயானி எழுந்தாள்.
பொதுமக்களுக்கு ஐந்து நிமிடம்.
பச்சை விளக்கை அழுத்தினேன்.
முதியோர் இல்லத்துச் சீருடையிலேயே வந்திருந்தாள்.
"டிசம்பர் பதினேழு, காலை ஆறு பத்து.
என் கணவர் தியோனிசியோ
எட்டாம் தெருவில் தண்டவாளத்தைக் கடந்தார்.
கடக்கவில்லை.
ரயிலைக் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.
வேறொன்றும் கேட்கவில்லை."

மேயர் ஹ்னாட்யுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்ததையே மறுபடி துடைத்தார்.
நகர வழக்கறிஞர் விளக்கினார்:
தண்டவாளம் ஒட்டாவாவுக்குக் கட்டுப்பட்டது.
நெடுஞ்சாலை மாகாணத்துடையது.
ஆறும் மாகாணத்துடையது,
வீட்டுக்குள் வந்துவிட்டால் நம்முடையது.
இந்த நகரமே மாகாணம் எழுதிய தாளில்தான் நிற்கிறது,
எழுதிய பேனாவுக்கு அடிக்கவும் தெரியும்.

சாமி வரம் கொடுத்தாலும்
பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள்.
இங்கே பூசாரிகள் ஒன்பது பேரும்
மனமிரங்கி உட்கார்ந்திருந்தார்கள்.
சாமி இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

மஞ்சள் எரிந்தது.
சிவப்பை நான் அழுத்தவில்லை.
குறிப்பேட்டில் அது இல்லை.

"சரி, நம்மிடம் என்னதான் இருக்கிறது?"
கேட்டது டெலோர்ம், ஆற்றோர வார்டுக்காரர்,
எப்போதும் கடைசியில்தான் வாய் திறப்பவர்.

நகர மேலாளர் குட்ரூன் தோர்லாக்சன்
தேர்தலில் நின்றவர் அல்ல.
சபைக்கு இருக்கும் ஒரே ஊழியர் அவர்,
மற்ற இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அவருக்கு ஊழியர்.
கோப்பைப் பார்க்காமல் சொன்னார்:
"விளக்குக் கம்பம் நம்முடையது, அணைந்திருந்தது.
பேருந்து நிறுத்தம் நம்முடையது,
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறோம்.
மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு பனிமேடு.
அதன் பின்னால் ரயில் தெரியாது.
பனியை அங்கே தள்ளியது நம் வண்டி."

வழக்கறிஞர் கையைத் தூக்கினார்,
வாக்களிக்க அல்ல.
"இதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாமே."
மேயர் என்னைப் பார்த்தார்.
ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தேன்.

ஒரே கூட்டத்தில் இரண்டு வாசிப்புதான் செல்லும்.
மூலைகளில் பனி குவிக்கத் தடை:
முதல் வாசிப்பு, ஒன்பது கைகள்.
இரண்டாம் வாசிப்பு, ஒன்பது கைகள்.
மூன்றாவதுக்கு இரண்டு வாரம் இருந்தது.
ஆனால் வண்டியை அனுப்ப வாசிப்பு தேவையில்லை.
இடைவேளையில் குட்ரூன் நடைக்கூடத்தில் நின்று
யாரையோ தொலைபேசியில் எழுப்பினார்.
விடிவதற்குள் மேடு இல்லை.
ரயில் மட்டும் பழைய வேகத்திலேயே போனது.

இரண்டு வாரம் கழித்து மார்வலின் வந்தாள்,
அதே வரிசை, அதே நாற்காலி.
தலைப்போடு நிறுத்த வேண்டிய நான்
துணைச்சட்டம் முழுவதையும் வாசித்தேன்.
கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை,
முந்தைய இரவே தேடிப் பார்த்திருந்தேன்.
பதினோரு வரி.
ஏழாவது வரியில் ரயில் ஊதியது.
நிறுத்தினேன்.
கடைசிப் பெட்டி போகும்வரை
ஜன்னல்கள் அதிர, சபை காத்திருந்தது.

மிச்சம் நான்கு வரி.
ஒன்பது கைகள்.

அடுத்த பொருள், கோழி.