பெயர் மாற்றப்பட்டுள்ளது

மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் மனு தட்டச்சு செய்கிறேன்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
'மேற்படி எதிர்மனுதாரர்' என்று தொடங்கினால்
எவர் வீடும் நாலு பக்கத்தில் அடங்கிவிடும்.
என்னுடையதும் அடங்கியது.
நானே அடித்தேன், நானே பிழை பார்த்தேன்.
'தாக்கினார்' என்பதில் துணைக்கால் விட்டுப்போய்
'தக்கினார்' என்றிருந்தது.
திருத்தினேன். கை நடுங்கவில்லை.

தீர்ப்பு வந்தது.
தூக்கம் வரவில்லை.

கெட்டுப்போன மனுக்களின் முதுகில்
ஒரு கதை எழுத உட்கார்ந்தேன்.
பெயர் வைக்கவே மூன்று இரவு.
என் பெயரின் முதலெழுத்து வந்தால் அடித்துவிடுவேன்.
கடைசியில் வேதவல்லி.
துறைமுகத்தில் ஐஸ் கம்பெனிக் கணக்கு அவளுக்கு.
அவன் தணிகாசலம், ரயில்வே கேட் கீப்பர்.

முதல் வரைவில் தணிகாசலம் வெறும் கை.
தாழ்ப்பாளை நீக்கும், மடங்கும், ஓங்கும்,
மணிக்கட்டோடு முடிந்துவிடும்.
நடந்ததைத்தான் எழுதியிருந்தேன்,
படித்தால் பொய் மாதிரி இருந்தது.

சரியென்று கால் கொடுத்தேன்.
செருப்பு கொடுத்தேன், இடது குதிகால் தேய்ந்தது.
போதவில்லை.
பல்வலி கொடுத்தேன்.
கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு
நடுராத்திரி கூட்ஸ் வண்டிக்குக் கேட் மூடுகிறான்.
அந்தப் பக்கம் ஒரே ஒரு சைக்கிள்காரன்.
கை காட்டலாமா என்று நினைக்கிறான்.
காட்டவில்லை.

எழுதிவிட்டு எனக்கே ஆத்திரம்.
உனக்கா நான் கிராம்பு தேடிக் கொடுத்தேன்?
தாளைக் கசக்கினேன், பிறகு நீவிப் பிரித்தேன்.
இதை மன்னிப்பு என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.
பல் வலிக்கிறவனெல்லாம் அடிப்பதில்லை என்று
அடுத்த பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.
ஆனால் அன்றைக்குக் கனவில் வந்த கைக்கு
முதல்முறையாக ஓர் உயரம் இருந்தது.
ஐந்தே கால் அடி.
கதவு ஆறரை.

அந்தக் கதவுக் காட்சி மட்டும் பதினோரு தடவை.
ஒன்றில் வேதவல்லி அழுதாள்.
ஒன்றில் மீன் வெட்டும் கத்தி.
ஒன்றில் போலீஸ் சரியான நேரத்துக்கு வந்தது,
கடைக்கார அமலோற்பவம் அக்கா படித்துவிட்டு,
'ஓ.டி. ஸ்டேஷன் ஜீப்பா? டீசல் யார் போட்டது?' என்றார்.
சிரித்தேன்.
எதைப் பற்றிச் சிரிக்கிறேன் என்று தெரிந்ததும்
வாயைப் பொத்திக்கொண்டேன்.
அதற்குள் சிரிப்பு பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது.

பதினோராவதில் அவள் எதுவும் செய்யவில்லை.
கதவு தட்டப்படுகிறது.
மணி இரண்டே முக்கால்.
மூன்றுக்கு விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்ற வேண்டும்,
சாவி அவள் இடுப்பில்.
பின்பக்கமாக இறங்கி
உப்பனாற்று ஓரம் நடக்கிறாள்.
சேற்று வாடை, டீசல் வாடை,
எங்கோ ஒரு ரேடியோ கரகரக்கிறது.
தட்டுகிறவன் தட்டிக்கொண்டே இருக்கிறான்.
எழுத்து அவன் பக்கத்தில் நிற்கவில்லை,
அவள் பின்னாலேயே போய்விட்டது.
எனக்கும் அப்போதுதான் தெரியும்,
அப்படிப் போகலாம் என்று.

நேற்று நல்ல மழை.
கெடிலத்தில் தண்ணீர் வந்தாலே
என் இடது முழங்கை சொல்லிவிடும்,
எலும்பு கூடிய இடத்தில்.
தைலம் தேய்க்கும்போதுதான் உறைத்தது:
வேதவல்லிக்கு இந்த வலியை எழுதவே இல்லை.
நாற்பத்தாறு பக்கம்.
மழையில் ஐஸ் பெட்டி தூக்குகிறாள்,
ஓர் இடத்திலும் முகம் சுளிக்கவில்லை.

மறதிதான். வேண்டுமென்று விட்டதில்லை.
சேர்த்துவிடலாமா என்று
எண்ணெய்க் கையோடு பேனாவை எடுத்தேன்.
அவள் அதற்குள்
அடுத்த பெட்டிக்குக் குனிந்திருந்தாள்.