கொஞ்சம் கூடுதலாகவே வைத்தேன்

தோலவோன் வாய்க்கால் பாலத்தில்
ஆடுகள் கடக்கட்டும் என்று நின்றபோதுதான் முதலில் எரிந்தது,
டாஷ்போர்டின் மூலையில், மாதுளை முத்தளவு சிவப்பு.
வண்டி நகர்ந்ததும் அணைந்தது.
"கண்ணடிக்கிறது" என்றான் எவரிஸ்தோ,
ஏதோ அவனைப் பார்த்துத்தான் என்பதுபோல.

எழுபத்தெட்டாம் வருடத்து ஃபோர்டு. ஆறு சிலிண்டர்.
பின்னால் நாற்பது கட்டு குதிரைமசால்.
ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக் த்ரெலேவில் மகள் கல்யாணத்தில்.
திங்களன்று வந்தாலும்
போன தடவைப் பாக்கியைத்தான் முதலில் கேட்பான்.

ஆகவே வீட்டு முற்றத்தில்,
பத்தகோனியக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினோம்.

அளவுக்கம்பியை உருவித் துடைத்து
மறுபடி விட்டு எடுத்தேன்.
எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒழுங்காக நின்றது.
விரலில் தேய்த்து மோந்தேன். பெட்ரோல் வாடை இல்லை.
இருக்கிறது; போய்ச் சேரத்தான் இல்லை.
"நம்ம கூட்டுறவு சங்கத்துப் பணம் மாதிரி" என்றான்.

பிறகு, "சென்சர்தான் பொய் சொல்கிறது."
செலவு குறைந்த நோயைத்தான் யாரும் முதலில் நம்புவார்கள்.
நானும் நம்பினேன்.
சென்சரைக் கழற்றி, அதே துளையில்
தங்கை நெரிஸின் டிராக்டர் கேஜைத் திருகினேன்.
கண்ணாடி விரிசல், முள் மட்டும் நேர்மை.

குளிர்ந்த எஞ்சினில் ஐம்பது.
ஒரு சுற்று மாத்தே குடித்து முடிப்பதற்குள் முப்பது.
நன்றாகச் சூடேறி, ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும்
ஐந்து.
ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதோர எலும்பில் அழுத்தி
முனையை எஞ்சினின் விலாவில் ஊன்றிக் கேட்டேன்.
ஆழத்திலிருந்து தட்டல் வருகிறதா?
தட்டினால் பேரிங் போயிற்று.
பேரிங் போனால் எஞ்சினை இறக்க வேண்டும்,
அதற்குக் கொட்டிலில் பாதியை விற்க வேண்டும்.
காற்றா, தட்டலா, என் நாடியா, தெரியவில்லை.
"அணை" என்றேன்.
அவன் ஏற்கெனவே அணைத்திருந்தான்.

எண்ணெயை வடித்தோம். மவுன்டுகளைத் தளர்த்தி
ஜாக்கி வைத்து எஞ்சினை நான்கு விரற்கடை தூக்கினோம்.
அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாக எண்ணினேன்,
பதினெட்டில் அவன் டார்ச்சை எங்கோ காட்டினான்,
எண்ணிக்கை போயிற்று.
சம்ப் இறங்கியது.

பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு.
அதில் கரி இருக்கும், கசடு இருக்கும்
என்று நினைத்துத்தான் கை விட்டேன்.
வந்தது நீலம்.
புழுப்புழுவாக, சுருள்சுருளாக, ரப்பர் நீலம்.

போன மார்ச்சில் சம்ப் கேஸ்கட் மாற்றியவள் நான்தான்.
இனி ஒரு சொட்டு ஒழுகக் கூடாது என்று
சிலிக்கான் டியூபைப் பிழிந்து பிழிந்து
கொஞ்சம் கூடுதலாகவே வைத்தேன்.
வெளியே பிதுங்கியதைக் கட்டைவிரலால் வழித்தெடுத்தேன்,
அவ்வளவு அழகாக இருந்தது.
உள்ளே பிதுங்கியதை வழிக்க
அங்கே யாருக்கும் விரல் இல்லை.

அவன் ஒரு நீலச் சுருளை உள்ளங்கையில் வைத்து
வெகுநேரம் பார்த்தான்.
"ஒழுகவில்லை" என்றான். "அதைச் சொல்லத்தான் வேண்டும்."

சிரித்த வாயில் ஒரு சொட்டுக் கறுப்பு எண்ணெய்.
துப்பினேன்.

சல்லடையை மண்ணெண்ணெயில் ஊறவைத்து
பழைய பல்துலக்கியால் தேய்த்தேன்.
ஒரு பேரிங் மூடியை மட்டும் திறந்து
நகத்தை ஓட்டிப் பார்த்தேன்.
எங்கும் சிக்கவில்லை.
புது கேஸ்கட்டுக்கு, மூலைகளில் மட்டும்,
புருவம் தீட்டுகிற அளவு.
அதற்கு மேல் கை போனபோது
அவன் டியூபை வாங்கி மூடியைத் திருகிவிட்டான்.

புது எண்ணெய், புது ஃபில்டர்.
காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு
ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டோம்.
முள் அசையவில்லை.
அசையவில்லை.
பிறகு, தூக்கத்தில் புரள்கிறவனைப்போல, எழுந்தது.

சூடேறி, ஐட்லிங்கில், இருபத்திரண்டு.

இது நடந்து மூன்று வாரம்.
சென்சரை இன்னும் திரும்ப மாட்டவில்லை.
நெரிஸ் இரண்டு முறை கேஜைக் கேட்டுவிட்டாள்.
நாளை தருகிறேன் என்றிருக்கிறேன்.