வடிவாய்ப் பார்த்தல்

எங்கள் பேச்சில் வடிவு என்றால் அழகு.
வடிவாய்ப் பார் என்றால் கவனமாய்ப் பார்.
இரண்டுக்கும் ஒரே சொல் இருந்ததில்தான்
ஜெயரூபன் பிழைத்தான் என்று நினைக்கிறேன்.

முதல்முறை வந்தபோது இருபத்தொரு வயது.
வெள்ளவத்தை, காலி வீதி, பேக்கரிக்கு மேல்மாடி,
மாலுபணிஸ் வாசம் ஏறிவரும் ஸ்டூடியோ.
அடையாள அட்டைக்குப் படம்.
குடைவிளக்கின் கீழ் அவன் நாடியை உயர்த்தியதும்
முதலாளி ஒன்றுக்குப் பதில் ஒன்பது எடுத்தார்.
ஒன்றைப் பெருப்பித்து
வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்.
பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
பின்னேரங்களில் அவனும் வந்தான்,
வீதியின் அந்தப் பக்கம் நின்று
தன்னைப் பார்ப்பவர்களைப் பார்க்க.

நான் படம் திருத்துபவள்.
மரு, தழும்பு, கண்ணடிக் கருமை
எல்லாவற்றையும் துடைப்பவள்.
கரையோர ரயில் போகையில் மேசை அதிரும்,
கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன்.
அவனுடைய மூலப்படங்களை மட்டும் அழிக்கவில்லை.
தனிக் கோப்புறையில் சேர்த்து வைத்தேன்.
ஏனென்றால், எனக்கு அப்போது இருபத்தாறு.
அவ்வளவுதான்.

பிறகு அவன் ஏஜென்சிக்காரன் ஆனான்.
லொட்ஜுகளில் கனடாவுக்குக் காத்திருந்த சனம்
அவன் விசிட்டிங் கார்ட்டைச்
சாமிப்படத்தோடு செருகி வைத்திருந்தது.
முகம் அச்சடித்த கார்ட்.
நான் திருத்திய முகம்.
"இந்த முகம் பொய் சொல்லுமே?" என்றாள்
வவுனியாவிலிருந்து வந்த ஒருத்தி,
மகனின் பாஸ்போட் படத்துக்குக் காத்திருந்தபடி,
கொடி கழற்றிய கழுத்தைத் தடவிக்கொண்டு.

ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் புதுப்படம் எடுப்பான்.
"அக்கா, போன வருசம் மாதிரியே இருக்கவேணும்."
முப்பதில் அவனை இருபத்தைந்தாக்கினேன்.
முப்பத்தெட்டிலும் இருபத்தைந்தாக்கினேன்.
வாசல் படம் வெயிலில் நீலமாகிப் போனபோதெல்லாம்
மறுபடி அச்சடித்தோம்.

அந்தப் பெடியன் லோமேயில்
பதினொரு மாதம் ஓர் அறைக்குள் இருந்தானாம்.
பிறகு ஒரு படகு என்றார்கள்.
பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

தாய் வந்தாள். அதே பாஸ்போட் படம்,
மூலையில் ஸ்டேப்ளர் துளை.
"பெருப்பிச்சுத் தாங்கோ. மாலை போடவேண்டாம்.
இன்னும் தெரியாதுதானே."
பையிலிருந்து அந்தக் கார்ட்டையும் எடுத்தாள்.
"இந்தத் தம்பி இப்ப எங்க இருக்கிறார், பிள்ளை?"

தெரியாது என்றேன்.

திரைக்குப் பின்னால் அவன் தலை சீவிக்கொண்டிருந்தான்.
சீப்பின் ஓசை நின்றது.
அவள் படியிறங்கி முடிந்ததும்
மறுபடி தொடங்கியது.

அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக்
கோப்புறையைத் திறந்தேன்.
பதினேழு வருசத்து முகம்.
செய்ததெல்லாம் முகத்தில் எழுதியிருக்கும் என்பார்களே,
நானூறு வீதம் பெருப்பித்தேன்.
வடிவாய்ப் பார்த்தேன்.
ஒரு சவரக் கீறல். ஓர் அம்மை வடு.
பல்லில் தேத்தண்ணிக் கறை.
வஞ்சகத்துக்கென்று ஒரு கோடு இல்லை.
லோமே இல்லை. கழற்றிய கொடி இல்லை.
இத்தனை காலம் நான் துடைத்தது
வெறும் வயதை.

கருமணியில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி,
குடைவிளக்கு.
அதன் ஓரத்தில் ஒரு மேசை.
மேசைமேல் குனிந்து ஒரு பெண்.
இன்னும் பெருப்பித்தேன்,
சதுரம் சதுரமாய் உடைந்து போனாள்.
அந்த இடத்தைத் துடைத்தால் கண் செத்துவிடும்.
விட்டுவிட்டு, வழக்கம்போல
நெற்றியிலிருந்து தொடங்கினேன்.

அடுத்தநாள் வந்து, வெளிச்சத்தில் பிடித்து,
நெடுநேரம் பார்த்தான்.
"வடிவாய் வந்திருக்கக்கா."

ஆயிரத்து ஐந்நூறு.
இரண்டாயிரம் நீட்டினான்.
மிச்சத்தை எண்ணிக் கொடுத்தேன்.