இருபது நிமிடம்

அக்கராயனிலிருந்து கொண்டுவந்தார்கள்,
வெட்டுக் காலம், பின்னேரம் ஆறரை.
பெருவிரலில் இரண்டு புள்ளி.
உரப்பைக்குள் புடையன், தலை நசுங்கி.
அதை வாட்டு மேசையில் வைத்து
"இதுதான் மிஸ்ஸி" என்றான் மகன்,
சாட்சிக்கு ஆள் பிடித்து வந்தவன் போல.

இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டேன்.
ஆட்டக் கூடாது. இருபது நிமிடம்.
பிறகு சரித்துப் பார்க்க வேண்டும்.
உறைந்தால் காத்திருக்கலாம்.
ஓடினால் விஷம்.

இப்படியான இடைவெளிகளுக்காகத்தான்
சட்டைப் பையில் பயிற்சி அட்டை வைத்திருக்கிறேன்.
ஓ.ஈ.ரி. பரீட்சை, பேச்சுப் பகுதி,
அதுவும் ஏறக்குறைய இருபது நிமிடந்தான்.
கிளிநொச்சியில் இதற்கு வகுப்பு இல்லை,
பரீட்சைக் காசுக்கு என் காப்பு இரண்டும் வங்கியில்.
அட்டையில் இருப்பவர் மிஸ்டர் ஹாரிசன்.
வயது எழுபத்தொன்று, இடுப்பில் சத்திரசிகிச்சை,
வீட்டில் பூனை தனியே என்று கவலை.
"உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது"
என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்,
குரலைத் தாழ்த்தி, அவசரப்படாமல்.
அவசரப்பட்டால் புள்ளி குறையும்.

கனகலிங்கம் கேட்கிறார்:
"பிள்ளை, வெட்டு மெசின் நாளைக்குத்தான் வருது.
வரேக்கை நான் நிக்கோணும்.
விடிய விடுவியளோ?"
"காலை ஆட்டாதேங்கோ ஐயா."
இதற்கு எத்தனை புள்ளி தருவார்கள்?

கஜந்தினி போய்ப் பதினாலு மாதம். டொன்காஸ்டர்.
குரல்பதிவில் சொல்கிறாள்,
போனவுடன் இன்னொரு சோதனையாம், பொம்மைக்கு முன்னால்.
பொம்மையைத் தொட முதல்
அதனிடம் அனுமதி கேட்க வேண்டும்.
கேட்க மறந்து ஒருமுறை பெயில்.
"சிரிக்காதை. இஞ்சை எனக்கு எட்டு நோயாளர்.
எட்டுக்கே களைச்சுப் போறன்.
உனக்கு இப்ப எத்தினை?"
கட்டிலில் நாற்பது, நிலத்தில் பதினொன்று,
நானும் சதுர்த்தினியும்.
நல்லாய் நித்திரை கொள் என்று மட்டும் அனுப்பினேன்.

விண்ணப்பத்தில் மற்றதெல்லாம் நிரப்பியாயிற்று.
வவுனியாவில் படித்த மூன்று வருடம்,
வாட்டு வாட்டாக நின்ற மணித்தியாலங்கள்.
ஒரு பெட்டி மட்டும் வெறுமை:
கல்வியில் இடைவெளி இருப்பின் விளக்குக,
இருநூறு எழுத்துக்குள்.

ஏழாம் ஆண்டு எனக்கு.
பள்ளிக்கூடமே ஆஸ்பத்திரியாக இருந்த மாதங்கள்.
பேர் தெரியாத ஒரு மிஸ்ஸி
சேலைன் போத்தலை என் கையில் தந்து
"இறக்காதை" என்றாள்.
சுவரில் ஆணி இல்லை,
சுவரும் பாதிதான்.
நான்தான் ஆணி.
அந்த மணித்தியாலங்களை
எந்த வாட்டின் கீழ் எழுதுவது?
அந்த வருடம் பாடசாலை நடக்கவில்லை என்று எழுதினேன்.
ஆங்கிலத்தில் முப்பத்துச் சொச்சம் எழுத்து.
மிச்சம் அப்படியே கிடக்கிறது.

மேற்றன் கடிதத்தில் ஒப்பமிடும்போது
தலை நிமிரவில்லை.
"போன வருசம் ஆறு பேர். இந்த வருசம் நீ மூண்டாவது."
பேனாவை மூடிய பிறகு,
"குளிர்ச் சட்டை இஞ்சை வாங்காதை,
அங்கை மலிவு."

இருபது நிமிடம்.
குழாயைச் சரித்தேன்.
தண்ணீர் போல ஓடியது.
சதுர்த்தினி குளிர்ப்பெட்டிக்கு ஓடினாள்,
இருபது குப்பி.
கையில் நரம்பு தேடும்போது
ஏனென்று தெரியவில்லை, கேட்டேன்:
"ஐயா, ஊசி ஏத்தட்டோ?"
கனகலிங்கம் ஒரு மாதிரிப் பார்த்தார்.
"ஏத்து மோனை, இதிலை என்ன கேள்வி?
மெசின்காரனுக்கு ஒருக்கால் சொல்லிவிடு,
நம்பர் சொல்லுறன், எழுது."

வேறு தாள் இல்லை.
மிஸ்டர் ஹாரிசனின் பின்பக்கத்தில் எழுதினேன்.