பதினெட்டு நகங்கள்

ஆறு வாரத்துக்கு ஒருமுறை எய்வின் வருவான்.
பதினோரு வருடம் அவனும் வாழ்ந்த வீடு;
இப்போது மணியடித்துவிட்டு
வெளியே பனியை உதறிக்கொண்டு நிற்பான்.
"எங்கே அந்தக் கறுப்பன்?"
கறுப்பன் என்றால் லக்ரிஸ், எங்கள் முயல்.
ஒரு கறுப்பு மிட்டாயின் பெயரை
நாங்கள்தான் வைத்தோம், நல்ல நாளில்.

டிசம்பரில் திரொம்சோவுக்குப் பகல் கிடையாது.
ஜன்னலில் கொஞ்சம் நீலம் வந்து
மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடும்.
லக்ரிஸுக்கு நகமும் கறுப்பு.
உள்ளே ஓடும் ரத்தக்கோடு
வெளியே தெரியாது.
படகில் வைத்திருக்கும் சின்ன டார்ச்சை
அவன் மறக்காமல் கொண்டுவருவான்.

முதல் வருடம் ஒன்றும் தெரியாது எங்களுக்கு.
மல்லாத்தி மடியில் கிடத்தினோம்.
கால்கள் தளர்ந்தன. கண் நிலைத்தது.
"பார், தூங்கிவிட்டான்" என்றான்.
நானும் நம்பினேன்.
கால்நடை மருத்துவர் ஒட்வெய்க்தான் சொன்னார்:
தூக்கமில்லை அது.
பருந்தின் காலில் சிக்கிய உயிர்
செத்ததுபோல் கிடப்பது.
காரில் திரும்பும்போது நாங்கள் பேசவில்லை.
அந்தக் குளிர்காலம் முழுக்க
சோபாவில் நான் அசையாமல் கிடந்ததையும்
ஓய்வு என்றுதான் நினைத்திருந்தான்.

இப்போது முறை தெரியும்.
காதைப் பிடித்துத் தூக்குவதில்லை.
ஒரு கை நெஞ்சுக்கு அடியில்,
ஒரு கை பின்னங்கால்களுக்கு அடியில்.
எதுவும் தொங்கக் கூடாது.
தொங்கினால் உதைக்கும்;
அந்த உதையில்
தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும்.
அதனால் தரையில் உட்காருகிறோம்,
தவறினாலும் விழ உயரம் இல்லாதபடி.
பழைய துண்டு சுற்றி,
டீசல் வாசம் அடிக்கும் அவன் ஸ்வெட்டர் கைக்குள்
மூக்கைப் புதைத்துக்கொள்ளும் லக்ரிஸ்.

அவன் பிடிக்க வேண்டும், நான் வெட்ட வேண்டும்.
இரண்டு கையும் முயலுக்குப் போய்விடுவதால்
டார்ச் அவன் பல்லிடுக்கில்.
பேச முடியாது.
இந்த ஏற்பாடு முன்னமே தோன்றியிருக்கலாம்.

நகமும் சதையும் என்று
எங்களையும்தான் சொன்னார்கள்.
வெளிச்சத்தில் பார்த்தால் தெரிகிறது:
நகத்துக்குள்ளேயே இருக்கிறது சதை.
எங்கே முடிகிறதென்று
வெட்டுகிறவளுக்குத் தெரிய வேண்டும்.
ஓர் அரிசி அளவு தள்ளி
கிளிக்.

மொத்தம் இருபது என்பான் எய்வின்.
பதினெட்டு என்பேன்.
முன்னங்காலில் ஐந்தைந்து,
பின்னங்காலில் நான்கு நான்குதான்.
ஒவ்வொரு முறையும் எண்ணிக் காட்டியாயிற்று.
அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால்கூட
ஒத்துக்கொண்டிருப்பேன், ஒரு காலத்தில்.

இன்று ஏழாவது நகத்தில் கை தவறியது.
துண்டில் ஒரு சிவப்புப் பொட்டு.
டார்ச் அவன் வாயிலிருந்து விழுந்து
சோபாவுக்கு அடியில் உருண்டது.
இருட்டில் நான் சோளமாவுக் கிண்ணத்தைத் தடவ,
"ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்றான்,
முயலிடமா என்னிடமா, தெரியாது.
மாவை அழுத்திப் பிடித்தோம்,
என் விரல் மேல் அவன் விரல்,
நின்றுவிட்டது ரத்தம்.
விரல் எடுக்க இன்னும் கொஞ்சம் ஆயிற்று.

அவனிடம் சொல்லாத ஒன்று.
செப்டம்பரில் அவன் கடலில் இருந்தபோது
நானே தனியாக வெட்டினேன்.
தலையில் விளக்கு, முழங்கால்களுக்கு நடுவே முயல்,
நாளுக்கு இரண்டு நகம், ஒன்பது நாள்.
ஒரு கஷ்டமும் இல்லை.
அவன் வந்து பார்த்துவிட்டு
"இந்தத் தடவை அதிகம் வளரவில்லையே" என்றான்.
"குளிர்தான்" என்றேன்.

லக்ரிஸ் தரையை ஓங்கி ஒரு தட்டு தட்டி
மேஜைக்கு அடியில் போய்
இருவருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்தது.
கொத்தமல்லிக்கும் திரும்பவில்லை.

காலண்டரில் விரல்விட்டு எண்ணினான்.
ஜனவரி இருபத்தொன்று.
சூரியன் திரும்பும் நாள்,
ஊரே பன் வாங்க வரிசையில் நிற்கும்.
"டார்ச் தேவைப்படாது" என்றேன்.
சோபாவுக்கு அடியில் கைவிட்டுத் துழாவியபடியே
"எதற்கும் கொண்டுவருகிறேன்" என்றான்.