நூற்றிருபது லிட்டர்

தொட்டி நிறைந்தால் ஒரு வாரம் என்று
நோட்டில் எழுதியது நான்தான்.
இரண்டு பேர், நூற்றிருபது லிட்டர்,
வகுத்துப் பார்த்தால் சரியாகத்தான் வந்தது.
பரிதி தினம் தலைக்குக் குளிப்பான் என்பதை
வகுத்தலில் சேர்க்கவில்லை.

பலவான்குடி தாண்டி, வற்றிய கண்மாயின் கரை.
பங்குனி.
வண்டியை நிழலில் விட்டால் சோலார் பலகைக்கு வெயில் இல்லை,
வெயிலில் விட்டால் எங்களுக்கு உயிர் இல்லை.
வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்று
நினைத்திருந்தோம்.
காய்ந்த பலகை உச்சிப் பொழுதில்
சோம்பிப்போகும் என்பதை
கூரையில் கைவைத்து, கை சுட்டு, தெரிந்துகொண்டோம்.
பரிதி என்று பேர் வைத்துக்கொண்டு
மீட்டர் முன்னால் குந்தி
எண்களைக் கெஞ்சிக்கொண்டிருந்தான் அவன்.

தலைக்கு மேலே உயர் அழுத்தக் கம்பிகள்
ரீங்கரித்தபடி எங்கோ போயின.
அடியில் நாங்கள்
செல்போன் வெளிச்சத்தில் ரசம் தாளித்தோம்.

யாருமில்லாத இடம் என்றுதானே வந்தது?
முதல் நாளே ஆறு பேர்.
ஏடிஎம் வண்டியா என்றார் ஒருவர்.
ஓட்டுக் கேட்க இன்னும் நாள் கிடக்கே என்றார் மற்றவர்.
ஒரு பையன் கதவைத் தட்டி
குச்சி ஐஸ் எவ்வளவு என்றான்.
அமைதிக்கும் அதே கதி:
பால்குடத்துக்குக் கட்டிய குழாய்
விடிய விடிய நன்கொடைப் பட்டியல் வாசித்தது.
மூன்றாம் இரவில் எனக்கே பாதி மனப்பாடம்.
சுப. அரு. வீட்டார் ஆயிரத்தொன்று.

பாத்திரம் கழுவ ஊரணிப் படியில் இறங்கினேன்.
"சோப்பை மேல வை. குடிக்கிற தண்ணி"
என்றது ஒரு குடம்.
அதற்குப் பின்னால் ஆள் இருப்பதை
அப்புறம்தான் பார்த்தேன்.
கழுவிய நீரை எங்கே கொட்டுவது?
கழிப்பறைப் பெட்டியை எங்கே?
குழாயை அறுத்துக்கொண்டு வந்த பிறகுதான் தெரிகிறது
சாக்கடை எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று.

நான்காம் நாள் கரைக்குக் கீழே வந்து நின்றது
திருச்செங்கோட்டு ரிக் லாரி.
பெரிய வீடு ஒன்று ஓட்டலாகிறதாம்,
நீச்சல் குளத்துக்குத் தண்ணீர் தேடுகிறார்கள்.
எட்டுப் பேர்.
வருஷத்தில் பத்து மாசம் லாரியடியில் படுக்கை.
சத்தீஸ்கர் தனிராம் மாவு பிசைந்தபடி
என்ன வேலைக்கு வந்தீங்க என்றான்.
சும்மா, என்றேன்.
அது ஏதோ கம்பெனி என்பதுபோல்
மரியாதையாகத் தலையாட்டினான்.

ராத்திரி முழுக்கத் துளைத்தார்கள்.
விடிந்து பார்த்தால் எங்கள் பலகையின் மேல்
ஐந்நூறு அடி ஆழத்துப் பாறை, மாவாக.
துடைக்கத் தண்ணீர் வேண்டும்.
அறுநூறு அடி போயும்
அவர்களுக்கே கிடைக்கவில்லை.
குழிக்கு மூடி போட்டுவிட்டு
செங்கோட்டுவேல் ரசீது எழுதினார்:
"எங்களுக்கு அடிக்கணக்குங்க. தண்ணிக்கணக்கு கெடையாது."
லாரி போன இடத்தில் ஒரு கேன் நின்றது,
அடியில் கொஞ்சம் தண்ணீரோடு.
மறந்ததா, விட்டதா, தெரியாது.

அதே காலையில் பொன்னழகு வந்தார்,
வெறும் வயிற்றோடு,
பழைய ரிப்போர்ட்டைச் சுருட்டி ரேஷன் பையில் வைத்துக்கொண்டு.
"சுகர் பாக்குற வண்டி இதுதானே?"
இல்லை என்று சொல்ல இரண்டு பேரும் வாய் திறந்தோம்.
அதற்குள் படியேறி உட்கார்ந்து
விரலை நீட்டியிருந்தார்.

பரிதி கேனைச் சாய்த்தான்.
மூன்று டம்ளர் தேறியது.
சர்க்கரை போடாமல் டீ.
குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தார்:
கட்டில் இருக்கு. அடுப்பு இருக்கு.
ஃபேன் இருக்கு, ஓடல.

"எல்லாம் இருக்கு.
ஊசி எங்கப்பா?"